சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கி.மீ என்கிறார்கள், வரைபடத்தில் 16,600 காட்டுகிறது. எந்தக் கணக்கு சரி?

தெம்பனிஸ்_வாசி (கேள்வி)

வணக்கம். 2026 அக்டோபர் கடைசியில் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போய், நவம்பர் முதல் வாரத்தில் திரும்ப வேண்டும். டிக்கெட் எடுக்கும் முன் சில கணக்குகளைத் தெளிவாக்கிக்கொள்ள நினைக்கிறேன். தூரம் பார்க்கும் தளங்கள் எல்லாம் சாங்கியிலிருந்து ஜே.எஃப்.கே வரை 15,349 கி.மீ என்கின்றன. பறந்து முடித்த விமானங்களின் தடத்தைத் திறந்தால் 16,500, 16,600 என்று வருகிறது. ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் எங்கே கூடுகிறது?

மணிக்கு 900 கி.மீ வேகம் என்றால் 15,349 கி.மீ-க்கு 17 மணி நேரம் போதும். டிக்கெட்டில் 18 மணி 40 நிமிடம், திரும்பும்போது 18 மணி 50 நிமிடம் என்று இருக்கிறது. நேர வித்தியாசம் 12 மணியா 13 மணியா என்பதிலும் குழப்பம். கடைசியாக ஒன்று: நேரடி விமானமா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா, எதை எடுக்கலாம்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கடல்மைல்

முதலில் தூரம். 15,349 என்பது பெருவட்டத் தூரம். பூமி உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே நூலை இழுத்துப் பிடித்தால் கிடைக்கும் மிகக் குறுகிய வழி அது. விமானம் அந்த வழியில்தான் பறக்கும் என்று அந்தத் தளங்கள் சொல்லவில்லை, நாம்தான் அப்படி எடுத்துக்கொள்கிறோம்.

இந்த இரண்டு ஊருக்கும் ஒரு விசேஷம் உண்டு. சாங்கி கிழக்கு 103 பாகை 59 கலை (ஒரு பாகைக்கு 60 கலை). ஜே.எஃப்.கே மேற்கு 73 பாகை 47 கலை. இரண்டையும் கூட்டினால் 177 பாகை 46 கலை. ஏறக்குறைய உலகின் நேர் எதிர்ப் பக்கம். அதனால் பெருவட்டம் கிட்டத்தட்ட வட துருவத்தின் மேலேயே ஏறி இறங்குகிறது. இப்படிப்பட்ட ஊர்களுக்கு மனக்கணக்கே போதும். அட்சரேகைகளைக் கூட்டுங்கள்: சாங்கி 1 பாகை 22 கலை, ஜே.எஃப்.கே 40 பாகை 38 கலை, மொத்தம் 42. அதை 180இல் கழித்தால் 138. ஒரு பாகைக்கு 60 கடல் மைல், ஆக 8,280 கடல் மைல். 1.852 ஆல் பெருக்கினால் 15,335 கி.மீ. பூமி துருவங்களில் சற்றுத் தட்டையாக இருப்பதையும் கணக்கில் சேர்க்கும்போதுதான் 15,349 வருகிறது. கைக்கணக்கில் 14 கி.மீ மட்டுமே பிசகு.

வேறு ஊர்களுக்கு இந்தக் குறுக்குவழி உதவாது. அப்போது முழுச் சூத்திரம் வேண்டும். இரண்டு அட்சரேகைகளின் சைன்களைப் பெருக்குங்கள். இரண்டின் கொசைன்களையும் தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் சேர்த்துப் பெருக்குங்கள். இரண்டு விடையையும் கூட்டி, தலைகீழ்க் கொசைன் எடுத்தால் பாகையில் தூரம் கிடைக்கும். அதை 111.2 ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். இங்கே: 0.0155 + (−0.7580) = −0.7426, அதாவது 137.95 பாகை, சுமார் 15,340 கி.மீ.

இதில் தவறு நேர்வது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று, மேற்குத் தீர்க்கரேகைக்குக் கழித்தல் குறி போட மறப்பது. அப்படி மறந்தால் இதே கணக்கில் 5,320 கி.மீ என்று வந்து நிற்கும். இன்னொன்று, கைபேசியின் கணிப்பான் ரேடியனில் இருப்பதைக் கவனிக்காமல் பாகையை உள்ளிடுவது. அதில் வரும் விடைக்கு அர்த்தமே கிடையாது.

நியூயார்க்கை ஒட்டி நியூ ஜெர்சியில் இருக்கும் நியூவர்க் விமான நிலையத்துக்குத் தூரம் 15,344 கி.மீ. ஜே.எஃப்.கே-யை விட ஐந்தே கி.மீ குறைவு. இந்த ஐந்து கி.மீ-யால்தான் இப்போது உலகின் மிக நீண்ட இடைநில்லாச் சேவை என்ற இடம் ஜே.எஃப்.கே விமானத்துக்குப் போகிறது.

---

மேற்குக்காற்று

கடல்மைல் சொன்ன பெருவட்டத்தை உருண்டையில் வரைந்து பாருங்கள். சாங்கியிலிருந்து லேசாக இடப்பக்கம் சாய்ந்து நேர் வடக்கே போகும். லாவோஸ், சீனாவின் குன்மிங், மங்கோலியா, பைக்கால் ஏரிக்கு மேற்கே சைபீரியா, பிறகு துருவத்திலிருந்து சுமார் 280 கி.மீ தள்ளி உச்சி. அங்கிருந்து கனடாவின் வட தீவுகள், கியூபெக், நியூயார்க். காகிதத்தில் அழகான வழி. ஆனால் 2022க்குப் பிறகு சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தடங்களை எடுத்துப் பார்த்தால் சைபீரியா பக்கமே போவதில்லை. வான்வெளி அரசியல் ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் காற்று.

நடு அட்சரேகைகளில் 9 முதல் 12 கி.மீ உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஜெட் ஸ்ட்ரீம் ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது மணிக்கு 300 கி.மீ-யைத் தாண்டுவதும் உண்டு. தெற்கு வடக்காகப் போகும் துருவ வழிக்கு இதனால் பெரிய லாபம் இல்லை, குறுக்கே அடிக்கும் காற்றாகத்தான் இருக்கும். பசிபிக் வழியாகக் கிழக்கே போனால் முதுகைத் தள்ளிவிடும்.

கணக்கு போட்டுக் காட்டுகிறேன். சாங்கியிலிருந்து அலூஷியன் தீவுகளை ஒட்டி, வடக்கு 50 பாகை, தீர்க்கரேகை 180 என்ற புள்ளியைத் தொட்டு ஜே.எஃப்.கே போனால் தூரம் சுமார் 16,540 கி.மீ. நீங்கள் தடத்தில் பார்த்த எண் இதுதான். ஏ350 விமானம் ஒலியின் வேகத்தில் 0.85 பங்கில் பறக்கிறது. அந்த உயரத்துக் குளிரில் அது மணிக்கு சுமார் 903 கி.மீ. காற்றில்லாமல் துருவ வழி: 15,349 ÷ 903 = 17.0 மணி. பசிபிக் வழியில் சராசரியாக 60 கி.மீ பின்காற்று கிடைத்தால் 16,540 ÷ 963 = 17.2 மணி. பின்காற்று 100 என்றால் 16.5 மணி. அதாவது 1,200 கி.மீ சுற்றிப் போயும் நேரம் ஒன்றுதான், நல்ல நாளில் அரை மணி நேரம் குறையவும் செய்யும்.

அதே வழியில் திரும்பினால் அதே 60 கி.மீ எதிர்காற்றாகிவிடும்: 16,540 ÷ 843 = 19.6 மணி. அதனால்தான் நியூயார்க்கிலிருந்து வரும்போது பெரும்பாலும் அட்லாண்டிக் பக்கமாக, ஐரோப்பா வழியாக, மறுபடியும் கிழக்கு நோக்கியே வருகிறார்கள். அந்தப் பக்கமும் ஏறக்குறைய 16,500 கி.மீ. போகும்போதும் கிழக்கே, வரும்போதும் கிழக்கே. ஒரு ரிட்டர்ன் டிக்கெட்டில் பூமியை முழுச் சுற்று சுற்றி வந்துவிடுகிறீர்கள். எனக்குத் தெரிந்து விமானக் கணக்கிலேயே இதைவிட அழகான விஷயம் கிடையாது.

தினமும் இதே வழி என்று நினைத்துவிட வேண்டாம். புறப்படுவதற்குச் சில மணி நேரம் முன்பு, அன்றைய காற்று, மூடிய வான்வெளிகள், புயல் எல்லாம் பார்த்து வழி முடிவாகும். காற்று மாறினால் திரும்பும் விமானம் பசிபிக் பக்கம் வரும் நாளும் உண்டு. ஆகவே தடத்தில் ஒருநாள் 16,200, இன்னொரு நாள் 16,800 என்று பார்த்தால் இரண்டும் சரியே.

---

எரிபொருள்_கணக்கு

இந்தத் தூரத்துக்கு எந்த விமானமும் ஆகாது. இங்கே பறப்பது ஏ350-900 யு.எல்.ஆர், அதாவது மிக நீண்ட தூரத்துக்கான வகை. சாதாரண ஏ350-900 1,41,000 லிட்டர் கொள்ளும், இது 1,65,000 லிட்டர். கூடுதல் தொட்டி எதுவும் வைக்கவில்லை. இருக்கும் தொட்டிகளுக்குள்ளேயே குழாய் அமைப்பை மாற்றி இடம் கண்டிருக்கிறார்கள்.

1,65,000 லிட்டர் என்பது எடையில் சுமார் 132 டன். ஏறும்போது அனுமதிக்கப்பட்ட உச்ச எடை 280 டன். தொட்டி நிறைய நிரப்பினால் மீதி 148 டன்னுக்குள் விமானம், இருக்கை, சாப்பாடு, தண்ணீர், ஆட்கள், பெட்டிகள் எல்லாம் அடங்க வேண்டும். அதனால்தான் இதில் மொத்தமே 161 இருக்கைகள்: பிசினஸ் 67, பிரீமியம் எகானமி 94. எகானமி கிடையாது. முன்பக்கச் சரக்கு அறையும் பயன்பாட்டில் இல்லை. "எகானமி டிக்கெட் ஏன் தேடினால் வரவில்லை" என்று கேட்பவர்களுக்கு விடை இந்த 148 டன்தான்.

செலவு மணிக்குச் சராசரியாக 6 டன் என்று வைத்துக்கொள்ளலாம். கனமாக இருக்கும் தொடக்கத்தில் அதிகம், எரிபொருள் தீர்ந்து இலேசாகும் கடைசி மணிகளில் குறைவு. விமானமும் படிப்படியாகத்தான் உயரம் ஏறும், எடுத்த எடுப்பில் 40,000 அடி போகாது. பயணத்துக்கான எரிபொருளோடு, காற்றுக் கணிப்பு தவறினால் ஈடுகட்ட ஒரு பங்கு, மாற்று விமான நிலையம் வரை போக ஒரு பங்கு, அங்கே 30 நிமிடம் வட்டமடிக்க ஒரு பங்கு சேரும்.

முன்பு இதே சேவை ஏ340-500இல் 2004 முதல் 2013 வரை நியூவர்க்குக்கு ஓடியது. நான்கு எஞ்சின். 181 இருக்கையோடு தொடங்கி, பிறகு 100 பிசினஸ் இருக்கை மட்டும் என்று மாற்றினார்கள். எரிபொருள் விலை ஏறியதும் நான்கு எஞ்சினைக் கட்டித் தீனி போட முடியவில்லை. இரண்டு எஞ்சின் யு.எல்.ஆர் வந்த பிறகு 2018 அக்டோபர் 11 அன்று சேவை மீண்டும் தொடங்கியது. ஜே.எஃப்.கே சேவை 2020 நவம்பரில் வந்தது.

துருவ வழிபற்றி மேற்குக்காற்று சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். அமெரிக்காவில் நிரப்பும் ஜெட் ஏ எரிபொருளின் உறைநிலை −40 பாகை செல்சியஸ். மற்ற நாடுகளில் பரவலாகக் கிடைக்கும் ஜெட் ஏ1-க்கு −47. எரிபொருளின் வெப்பநிலை உறைநிலையை விட 3 பாகையாவது மேலே இருக்க வேண்டும், ஜெட் ஏ என்றால் −37. வெளிக்காற்று −65 என்றாலும் விமானத்தின் வேகத்தால் காற்று அழுந்திச் சூடாவதால் இறக்கை உணர்வது −35 தான். வெளியே −70 ஆகிவிட்டால் −41. அப்போது கீழே இறங்க வேண்டும், அல்லது வேகம் கூட்ட வேண்டும், இரண்டுமே எரிபொருளைத் தின்னும். அதனால் குளிர்காலத்தில் வடக்கே அதிகம் போவதாக இருந்தால், குளிர் தேங்கி நிற்கும் இடங்களை முன்கூட்டியே பார்த்து ஒதுங்கித்தான் வழி போடுவார்கள்.

---

தெம்பனிஸ்_வாசி

மிக்க நன்றி. போகும்போதும் கிழக்கு, வரும்போதும் கிழக்கு என்பது புதுச் செய்தி. அப்படியானால் 17.2 மணி பறப்பு எங்கே, டிக்கெட்டில் 18:40 எங்கே? ஒன்றரை மணி நேரம் என்ன ஆகிறது? என் தேதிக்கு உண்மையான நேரம் எவ்வளவு என்று எப்படிக் கணிப்பது?

---

மேற்குக்காற்று

டிக்கெட் நேரம் கதவிலிருந்து கதவுக்கு. விமானம் நிற்குமிடத்திலிருந்து பின்னால் தள்ளப்படும் நிமிடத்தில் தொடங்கி, இறங்கி ஓடி, நிற்குமிடத்தில் நின்ற நிமிடத்தில் முடியும். சாங்கியில் ஓடுபாதைக்குப் போக 15–20 நிமிடம். ஜே.எஃப்.கே-யில் மாலையும் இரவும் வரிசை கட்டி நிற்பார்கள், 30–40 நிமிடம் சாதாரணம். பனி பொழியும் நாளில் இறக்கையில் பனி நீக்கும் மருந்து அடிக்க இன்னும் அரை மணி முதல் ஒரு மணி. ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் 903 இல்லை, அதில் ஒரு கால் மணி போகும். மிச்சம் இருப்பது நிறுவனம் பாதுகாப்புக்கு வைக்கும் இடைவெளி. பருவம் முழுவதற்கும் ஒரே அட்டவணை போடுவதால், காற்று மோசமாக இருக்கும் நாளுக்கும் பொருந்துகிற மாதிரி வைப்பார்கள்.

உங்கள் தேதிக்குக் கணிக்க: ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் விமான எண்ணைக் கொடுத்தால் கடந்த ஒரு வாரம் முதல் இரு வாரம் வரையான பயணங்கள் இலவசமாகவே வரும். அதில் தரையை விட்ட நேரம், தரையைத் தொட்ட நேரம் இரண்டையும் எடுங்கள், அட்டவணை நேரத்தை விடுங்கள். பத்து நாள் எடுத்து, மிகக் கூடியதும் மிகக் குறைந்ததும் தவிர்த்துச் சராசரி பாருங்கள். தொடர்விமானமோ ரயிலோ பிடிக்க வேண்டும் என்றால் சராசரியைப் பார்க்கவே கூடாது. அந்தப் பத்தில் மிகத் தாமதமான நாளை எடுத்துத் திட்டமிடுங்கள். ஜூலையில் பார்த்த எண்ணை ஜனவரிக்கு எடுத்தால் தவறும், ஜெட் ஸ்ட்ரீமின் இடமும் பலமும் பருவத்தோடு மாறும். உங்கள் பயணத்துக்கு அக்டோபர் நடுவில் பார்த்தால் போதும்.

---

காவேரிக்கரை

இடையில் ஒரு கேள்வி. சென்னையிலிருந்து நியூயார்க் போகிறவர்களுக்கு, சிங்கப்பூர் வந்து இந்த நேரடி விமானத்தில் ஏறுவது லாபமா?

---

கடல்மைல்

தூரக் கணக்கில் லாபமில்லை. சென்னை – நியூயார்க் பெருவட்டம் சுமார் 13,480 கி.மீ. சிங்கப்பூர் வழி என்றால் 2,900 + 15,349, அதாவது 18,250. முதலில் எதிர்த்திசையில் நாலு மணி நேரம் போய்விட்டுத் திரும்புகிறீர்கள். துபாய் வழி 2,930 + 11,000 = 13,930, நேர்கோட்டை விட 450 கி.மீ மட்டுமே கூடுதல். வளைகுடா ஊர்கள் அந்தக் கோட்டின் மேல் இல்லைதான், ஆனாலும் அந்த வழியில் போனால் சுற்று மிகக் குறைவு. வான்வெளி திறந்திருக்கும் காலத்தில் சென்னைக்காரர்களுக்கு மேற்கு வழிதான். சிங்கப்பூரில் இரண்டு நாள் தங்கிப் போகிறவர்களுக்கு மட்டும் வேறு கணக்கு.

---

பயணப்பெட்டி

நேரடியா, ஃபிராங்க்ஃபர்ட் வழியா என்ற கேள்வியை யாரும் தொடவில்லை. தூரத்தில் பெரிய வித்தியாசம் இல்லை: சாங்கி – ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 10,280, அங்கிருந்து ஜே.எஃப்.கே 6,190, மொத்தம் 16,470. நேரத்தில்தான் வித்தியாசம். இடையில் இறங்கி நின்று ஏறுவதையும் சேர்த்து மொத்தம் சுமார் 24 மணி நேரம். ஐரோப்பாவிலிருந்து மேற்கே போவதால் கடைசி எட்டு மணி நேரமும் எதிர்காற்று. நேரடியை விட ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடுதல்.

ஆனால் அதில் எகானமி உண்டு, நேரடியில் இல்லை. குடும்பமாக நாலு பேர் போகிறவர்களுக்கு இந்த ஒரு காரணமே முடிவு செய்துவிடும். ஃபிராங்க்ஃபர்ட்டில் கைப்பையோடு எல்லோரும் இறங்கி, பாதுகாப்புச் சோதனை முடித்து அதே விமானத்தில் ஏற வேண்டும். பெரிய பெட்டிகள் தானாக வரும். அந்த நிலையத்தைக் கடக்க டிரான்சிட் விசா வேண்டுமா என்பது பாஸ்போர்ட்டைப் பொறுத்தது. சிங்கப்பூர் பாஸ்போர்ட் இல்லாமல் நிரந்தரவாசியாக இருப்பவர்கள் ஜெர்மன் தூதரகத் தளத்தில் முன்பே பார்த்துவிடுங்கள். தோக்கியோ வழி மாறிப் போவதும் உண்டு: 5,360 + 10,830 = 16,190 கி.மீ, திசையும் காற்றோடு போகிற திசை. இணைப்பு இரண்டு மணி நேரத்துக்குள் அமைந்தால் ஃபிராங்க்ஃபர்ட்டை விட நேரம் மிச்சம்.

நேரடியில் பிரீமியம் எகானமி எடுத்தால் வரிசை 2-4-2. கடைசி மூன்று வரிசையில் மட்டும் 1-4-1, சன்னல் பக்கம் ஒற்றை இருக்கை, பக்கத்தில் சாமான் வைக்கப் பெட்டி. தனியாகப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல இடம் அந்தப் பகுதியில் இல்லை. மொத்தம் ஆறுதான், சீக்கிரம் போய்விடும்.

ஜே.எஃப்.கே-யா நியூவர்க்கா என்பதைப் போய்ச் சேரும் வீட்டை வைத்து முடிவு செய்யுங்கள், கட்டணத்தை வைத்து வேண்டாம். குயின்ஸ், லாங் ஐலண்ட் பக்கம் என்றால் ஜே.எஃப்.கே. எடிசன், ஜெர்சி சிட்டி பக்கம் என்றால் நியூவர்க். இடம் மாறி இறங்கினால் மன்ஹாட்டன் முழுவதையும் குறுக்கே கடக்க வேண்டும், காலை நெரிசலில் இரண்டு மணி நேரம் அதிலேயே போய்விடும். அங்கிருந்து உள்நாட்டு விமானம் பிடிப்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: அமெரிக்காவில் முதலில் இறங்கும் நிலையத்திலேயே பெட்டியை எடுத்து, சுங்கம் கடந்து, மறுபடியும் ஒப்படைக்க வேண்டும். கடைசி ஊர் வரை ஒட்டு ஒட்டியிருந்தாலும் இதுதான் விதி. இணைப்புக்கு மூன்று மணி நேரத்துக்குக் குறைவாக வைக்காதீர்கள்.

உடம்பு விஷயம். நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணித்தால் காலில் இரத்தம் உறையும் ஆபத்து ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007இல் சொன்னது. ஆறாயிரம் பேரில் ஒருவர் என்ற அளவில்தான் அது வருகிறது, ஆனாலும் 18 மணி நேரம் என்பது வேறு. இரண்டு மணிக்கு ஒருமுறை எழுந்து நடங்கள், உட்கார்ந்தபடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள். அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும் கர்ப்பிணிகளும் அழுத்தக் காலுறை பற்றி மருத்துவரிடம் கேட்டுவிட்டுப் போங்கள்.

மருந்து சாப்பிடுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்காமல் மணி நேரத்தை எண்ணுங்கள். 24 மணிக்கு ஒரு மாத்திரை என்றால் கைபேசியில் சிங்கப்பூர் நேரத்தை விட்டுவைத்து, அதன்படி விமானத்தில் சாப்பிட்டுவிட்டு, போய் இறங்கிய பிறகு மாற்றலாம். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இது பொருந்தாது. சாப்பாட்டு நேரமும் சேர்ந்து மாறுவதால் கட்டாயம் மருத்துவரிடம் அட்டவணை எழுதி வாங்க வேண்டும். மருந்து கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் வேண்டாம்.

---

தெம்பனிஸ்_வாசி

எல்லோருக்கும் நன்றி. இப்போது இப்படித் திட்டம் போட்டிருக்கிறேன், சரி பாருங்கள். போவது அக்டோபர் 23, வெள்ளி இரவு 11:35. பன்னிரண்டு மணி வித்தியாசம், சனிக்கிழமை காலை 6:15க்கு இறங்குகிறேன். திரும்புவது நவம்பர் 6, வெள்ளி இரவு 10:30, ஜே.எஃப்.கே. 18:50 பயணம், பன்னிரண்டு மணி கூட்டினால் அடுத்த நாள் காலை 5:20. சனிக்கிழமை காலை வீட்டில். ஞாயிறு நவம்பர் 8 தீபாவளி. பசிபிக் வழியா அட்லாண்டிக் வழியா என்பதைப் பொறுத்துத் தேதிக்கோடு கடப்பதால் ஒருநாள் மாறுமா என்பது மட்டும் சந்தேகம்.

---

நேரவலயம்

தேதிக்கோட்டை முதலில் மறந்துவிடுங்கள். புறப்படும் ஊரின் நேரம், பயண நேரம், ஊர்களுக்கு இடையிலான வித்தியாசம், இந்த மூன்றும் தெரிந்தால் போதும். எந்தப் பக்கமாகப் பறந்தாலும் விடை ஒன்றே. நடுவில் கோட்டைக் கடப்பதால் கூடுவதோ குறைவதோ எதுவும் இல்லை.

போகும் கணக்கு சரி. வெள்ளி 23:35 + 18:40 = சிங்கப்பூரில் சனி 18:15. பன்னிரண்டு கழித்தால் நியூயார்க்கில் சனி 06:15.

திரும்பும் கணக்கில் இரண்டு பிழை. அமெரிக்காவில் கோடை நேரம் மார்ச் இரண்டாம் ஞாயிறு தொடங்கி நவம்பர் முதல் ஞாயிறு முடிகிறது. 2026இல் மார்ச் 8, நவம்பர் 1. நீங்கள் போகும்போது வித்தியாசம் 12, திரும்பும்போது 13. சிங்கப்பூர் கடிகாரத்தை மாற்றுவதே இல்லை என்பதால் நமக்கு இது நினைவிலேயே வராது. விமான நிறுவனங்களின் குளிர்கால அட்டவணை அக்டோபர் கடைசி ஞாயிறே, அதாவது 25ஆம் தேதியே தொடங்கிவிடும். அதனால் அக்டோபர் 25 முதல் 31 வரை ஒருவார அட்டவணை தனியாக இருக்கலாம். இணையத்தில் பொதுவாகத் தேடி வரும் நேரத்தை நம்பாமல், உங்கள் தேதியைப் போட்டு வருவதை மட்டும் எடுங்கள்.

இரண்டாவது பிழை பெரியது. நாள். வெள்ளி 22:30 + 18:50 என்பது நியூயார்க்கில் சனி மாலை 17:20. அதோடு 13 கூட்டினால் ஞாயிறு காலை 06:20. டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் சிறியதாக "+2" (புறப்பட்ட தேதியிலிருந்து இரண்டு நாள் கழித்து) என்று இருக்கும், அதைக் கவனிக்காமல் விட்டால் இந்தத் தவறு வரும். நீங்கள் இறங்குவது தீபாவளி அன்று காலையில். குடியேற்றம், பெட்டி எல்லாம் முடித்து வீடு சேர எட்டு மணி, விமானம் கொஞ்சம் பிந்தினால் ஒன்பது. விடிகாலை எண்ணெய்க் குளியல் போய்விட்டது.

தேதியை வியாழனுக்கு மாற்றலாம்: நவம்பர் 5 இரவு 22:30 ஏறினால் சனி காலை 06:20. அங்கே ஒருநாள் இழக்க மனமில்லை என்றால் நியூவர்க்கின் காலை விமானத்தைப் பாருங்கள். வெள்ளி காலை 10 மணி வாக்கில் புறப்பட்டால், 18:40 பயணத்தில் நியூயார்க் நேரம் சனி 04:40, அதாவது சிங்கப்பூரில் சனி மாலை 17:40. ஜே.எஃப்.கே விமானத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால்தான் ஏறுகிறீர்கள், ஆனால் தீபாவளிக்கு முந்தின மாலையே வீட்டில். நியூவர்க்குக்கு வெள்ளி காலை ஏழு மணிக்குள் போய்ச் சேர வேண்டியிருப்பதால், வியாழன் இரவு நியூ ஜெர்சி பக்கம் தங்குவது நல்லது.

---

தெம்பனிஸ்_வாசி

நல்ல வேளை, பணம் கட்டுவதற்கு முன் கேட்டேன். "+2" என்று இருப்பதை இப்போதுதான் பார்க்கிறேன். நியூவர்க் காலை விமானத்தில் கடைசி மூன்று வரிசையில் ஒற்றை இருக்கை இரண்டு இன்னும் காட்டுகிறது, அதையே எடுக்கிறேன்.